மூன்று தடவை அடித்த மணி

ஓய்வுபெற்ற தபால்காரரின் தாடையில் வாரைப் பூட்டி, கழுத்தை இழுக்கும் இயந்திரத்தை இருபது நிமிடத்துக்கு ஓடவிட்டு, மணிப் பொத்தானை அவர் கைக்குள் திணித்தாள் பிசியோதெரபிஸ்ட்.

"எதுன்னாலும் அழுத்துங்க சார். நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

எட்டு வருடமாக, வருகிற ஒவ்வொரு கழுத்திடமும் இதைத்தான் சொல்கிறாள்.

திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சில நிமிடங்களில் நாற்காலி ஆடியது. கீழே லாரி போகிறது என்று நினைத்தாள். அலமாரியில் எண்ணெய்ப் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இந்த ஊரில் நிலம் ஆடியதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்து நினைவிருப்பது, மூன்று மாடி இறங்கித் தெருவில் ஒற்றைச் செருப்போடு நின்றதுதான். கைப்பை மட்டும் தோளில் பத்திரமாகத் தொங்கியது. பையை எடுக்கத் தோன்றியிருக்கிறது. வாரை அவிழ்க்கத் தோன்றவில்லை.

"மேல யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர்.

"இல்ல" என்று வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் கால் படியை நோக்கித் திரும்பியது.

மேலே, தபால்காரர் கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார். இயந்திரம் தன் பாட்டுக்கு இழுத்து, விட்டுக்கொண்டிருந்தது.

"மூணு தடவ அழுத்துனேம்மா" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. "மணி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

இயந்திரத்தை நிறுத்தி வாரை அவிழ்த்தாள். அவருடைய போன் அடித்தது. மகள்.

"ஆமாம்மா, ஆடிச்சு. கொஞ்சம்தான்… சேச்சே, தனியா எங்க? இவங்க பக்கத்துலயேதான் இருந்தாங்க."

சொல்லும்போது அவர் பார்வை அவளுடைய வெறும் காலில் இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்குல்ல?" என்று மறுபடி படுத்துத் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார். வாரைப் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, பொத்தானை அதில் வைத்தாள்.

அவர் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மணி அறை அதிர அடித்தது.

"நல்லாத்தான் அடிக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நாற்காலியைத் திரைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெறும் காலைச் செருப்புக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.