காப்புக் கட்டிய கை

சுஷீலா வேலிக்கு வெளியே, கரும்பு ரயில் தண்டவாளத்தின்மேல் நின்றுகொண்டு தோலை விரித்துக் காட்டினாள். வேலிக்கு உள்ளே, கோயில் வளாகத்தில், மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக அவள் புருஷன் வீரசாமி நின்றான். அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்பு. ஞாயிற்றுக்கிழமை தீ மிதிக்கும்வரை பத்து நாள் கோயிலிலேயே படுக்க வேண்டும். வீட்டுக்குப் போகக் கூடாது, பெண்டாட்டியைத் தொடக் கூடாது, கறி மீன் கூடாது, தோல் கூடவே கூடாது. பிஜித் தீவில், லம்பாசா பக்கத்து நசியாவில் இருபத்திரண்டு வருஷமாகக் குதிரைச் சேணமும் வாரும் தைத்துப் பிழைக்கிற ஆளுக்கு வந்த விரதத்தைப் பாருங்கள்.

வேண்டிக்கொண்டது அவன்தான், யாரும் சொல்லவில்லை. இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு சிலர் பார்லிமெண்டுக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைபிடித்தார்கள். ஜூனில் லம்பாசாவிலும் இந்தியர் வீடுகளில் பயம் பரவியது. ஒரு மத்தியானம் ஐந்து பேர் வீரசாமியின் வீட்டுக்குள் நுழைந்து டிவியையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் இருந்தது மகள் ஷைனல் மட்டும். பதினேழு வயது. பின்கதவு வழியாக ஓடிக் கரும்புக்குள் படுத்துக்கொண்டாள். பக்கத்துப் பிஜிக்காரக் கிழவர் ஒருவர்தான் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, தன் சட்டையைப் போர்த்திக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

நியூசிலாந்தில் கையாலேயே சேணம் தைக்கிற ஒரு கம்பெனிக்கு வீரசாமி கலவரத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பதிலே இல்லை. 'அம்மா, அந்த வேலையைக் கொடு, என் பிள்ளையை இங்கிருந்து எடுத்துவிடு, நான் தீ மிதிக்கிறேன்' என்று மாரியம்மன்முன் விழுந்து, வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டான். திங்கட்கிழமை கடிதம் வந்தது.

மாதிரிக்கு ஒன்றரை அடி வார் ஒன்று. இரண்டு மடிப்பு, இரண்டு ஓரமும் கைத்தையல், அங்குலத்துக்கு எட்டுத் தையல். தோல், நூல், ஊசி எல்லாம் உன் தேர்வு. எதை ஏன் எடுத்தாய் என்று ஒரு காகிதத்தில் எழுதி வை. மாதக் கடைசிக்குள் எங்கள் கையில் இருக்க வேண்டும். கடிதத்தில் அவ்வளவுதான். தபாலை நம்புகிற காலமா அது? ஆக்லாந்துக்குக் குடிபெயர்கிற யோகேந்திரா சனிக்கிழமை காலை விமானம் ஏறுகிறான். அவன் கையில் கொடுத்தால் உண்டு. தீமிதி ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு நாள் இடிக்கிறது.

கேட்டதைக் கொடுத்தாள் அம்மன். கையைக் கட்டிவிட்டுக் கொடுத்தாள். காப்பை அறுத்தால் வேண்டுதல் போச்சு. அது ஷைனல் தலையில் விடியும். அறுக்காவிட்டால் வேலை போச்சு. அதுவும் ஷைனல் தலையில்தான் விடியும்.

அதனால் சுஷீலா தைப்பதென்று முடிவாயிற்று. நூலுக்கு மெழுகு தேய்த்துத் தேய்த்து அவள் விரல் காய்த்திருந்ததே தவிர, குத்தூசியை அவன் அவளிடம் கொடுத்ததே இல்லை. பெண்பிள்ளை கைக்கு அது அடங்காது என்பான். இப்போது அதே ஊசிகளை அவள் கூடையில் போட்டு எடுத்து வந்து, செவ்வாய்க்கிழமை, தண்டவாளத்தில் கடை பரப்பினாள். அரவை நடக்கவேண்டிய ஜூலை மாதம். கலவரத்தில் கரும்பு ரயில் ஓடவில்லை, அதனால் இடைஞ்சலும் இல்லை.

ஊசியில் குழப்பம் இல்லை. மூன்றில் எது மெல்லியது, எதன் முனை நான்கு பட்டையாக இருக்கிறது என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். கொய்யா மரப்பிடி போட்டதை எடுத்துக்கொள் என்றான். நூலும் அப்படித்தான். கடையில் வாங்கின நைலான் பளபளவென்று இருந்தது. நாலு நாளில் அது தோலையே அறுத்துவிடும், லினன் நூலை நாலு இழையாகத் திரித்துத் தேன்மெழுகு போடு, இரண்டு முனையிலும் ஊசி கோத்து ஒரே துளையில் எதிரும் புதிருமாக விடு என்றெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னான். சுஷீலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தோல்தான் சிக்கல். மூன்று இருந்தன. ஒன்று ஏர்மாட்டு வாருக்கு வைத்திருக்கும் உள்ளூர்த் தோல், முரடு. இன்னொன்று கனடாவுக்குப் போன சதேந்திரா விட்டுவிட்டுப் போன பழைய சேணத்திலிருந்து வெட்டியது. கறுத்து, அழுக்கேறி, பார்க்கவே சகிக்காது. மூன்றாவது வெளிநாட்டுத் தோல், செம்பழுப்பு. நல்ல வேலை வரும்போது எடுக்கலாம் என்று பத்து வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் வைத்து, மாதாமாதம் தேங்காயெண்ணெய் தடவி வளர்த்தான். சுஷீலா அதைத் தூக்கிப் பிடித்தாள். வெயிலில் கண்ணாடிபோல மின்னியது. அதில் என்ன யோசனை? அதுதான் என்று கையைக் காட்டினான்.

வியாழக்கிழமை மாலை அவள் வேகவேகமாக வந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு ஓரமும் தைத்து முடித்த வாரை வேலிக்கு நேராக நீட்டி, மெல்ல வளைத்துக் காட்டினாள். நடுவில் படக்கென்று வெடித்து, உள்ளே நார் நாராகத் தெரிந்தது. பத்து வருஷத் தகரக் கூரைச் சூடு அதை உள்ளே தென்னமட்டையாகக் காய வைத்திருந்தது. மேலே மின்னியது அவன் தடவின எண்ணெய். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் அரை நொடியில் தெரிந்திருக்கும். தன் எண்ணெயே தன் கண்ணைக் கட்டிவிட்டதே என்று வீரசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"இனிமே ஒரு வாருக்குத்தான் நேரம் இருக்கு," என்றாள் சுஷீலா. "ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. நான் தொட்டுப் பாத்தேன், எனக்குப் புரியல."

இரண்டையும் தூக்கிப் பிடித்தாள். அவன் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். மடி என்றான், மடித்தாள். நகத்தால் கீறு என்றான், கீறினாள். சத்தம் எப்படி என்றான். சத்தத்தை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணை அவனே நம்பவில்லை. நேற்றுவரை அந்தக் கண் சொன்னதைக் கேட்டுத்தானே இந்த கதி. இதுவும் வெடித்தால் சனிக்கிழமை யோகேந்திரா வெறுங்கையோடு போவான்; ஷைனல் கட்டிலுக்கு அடியிலேயே கிடப்பாள். அவனுக்கு அழுகை வந்தது. பூசாரி பல்ராம் வளாகத்தின் அந்தக் கோடியில் தீக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

வீரசாமி வேலிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டான்.

"வேணாம்," என்றாள் சுஷீலா. ஆனால் தோலை அவள் பின்னால் இழுக்கவில்லை.

கட்டைவிரல் மட்டும். முதலில் உள்ளூர்த் தோல்: விரலை எதிர்த்து நின்றது, ஓரம் தைக்கும்போது பிளக்கும். அடுத்து அந்த அழுக்குச் சேணம். அமுக்கினதும் உள்ளே போய், விட்டதும் மெதுவாக எழுந்து வந்தது. பத்து வருஷம் குதிரை வியர்வையும் மனுஷன் தொடையும் பட்டுப் பழகின தோல். அவன் விரல் அதிலேயே ஒரு நிமிஷம் இருந்தது. ஆறு நாளாகக் கஞ்சி குடித்துக் கிடந்த மனிதனுக்கு அதுவே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அந்த சந்தோஷம்தான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

"இது. அழுக்க வழிச்சி எடுத்துட்டு, அடிப்பக்கத்த மேல வச்சித் தை," என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்க சுஷீலா குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். ஏன் இந்தத் தோல், ஏன் இந்த நூல் என்று அவள் சொல்லச் சொல்ல ஷைனல் இங்கிலீஷில் எழுதினாள். சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் யோகேந்திரா வண்டியை வேலியோரம் நிறுத்தி, கண்ணாடிக்குள்ளிருந்து வாரைக் காட்டிவிட்டுப் போனான். தையல் நேராக, ஒரே சாய்வாக இருந்தது. தன்னுடையதைவிட நேராக இருக்கிறதோ என்று வீரசாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு அப்போது தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் முழுகி, தப்பட்டை முழங்க ஊர்வலம் வந்தது. குழியில் கங்கு சிவந்து கிடந்தது. வேலிக்கு வெளியே கூட்டம். அதில் சுஷீலாவும், எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டை விட்டு வந்திருந்த ஷைனலும். பூசாரி வரிசையாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "விரதத்துல குறை வச்சவங்க இப்பவே விலகிக்குங்க. அம்மாகிட்ட விளையாடாதீங்க."

யாருக்கும் தெரியாது. கட்டைவிரல்தானே. கால் சுட்டாலும் பரவாயில்லை, மிதித்துவிடலாம் என்றுதான் மூன்று நாளாகத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். ஆனால் கூட்டத்தில் ஷைனலின் முகத்தைப் பார்த்தான். பொய் விரதத்தோடு இறங்கினால் சுடுவது தன் காலை இல்லை, அவளைத்தான் என்று அவனுக்குப் பட்டது. வரிசையை விட்டு விலகி, பூசாரி காதில் சொன்னான்.

பல்ராம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கத்தியை எடுத்து அத்தனை பேர் முன்னாலும் காப்பை அறுத்தார். "எதுக்குத் தொட்டேன்னு எனக்கு வேணாம். வேண்டுதல் பாக்கி நிக்குது. அடுத்த வருஷம் இதே எடத்துல வந்து முடி. வாக்குக் குடு."

அடுத்த வருஷம் இந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பதற்காகவே காப்புக் கட்டின வீரசாமி, "வரேன் சாமி," என்றான். வெளியே போய் நின்று மற்றவர்கள் மிதிப்பதைப் பார்த்தான்.

செப்டம்பரில் பதில் வந்தது. தையலைவிடத் தோலின் தேர்வுதான் பிடித்ததாம். கம்பெனியே விசாவுக்கு எழுதும். ஜனவரியில் குடும்பத்தோடு வரலாம். சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பு. சுஷீலா அடுப்பங்கரைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷைனல் மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். பேனா ஓடுகிற வேகத்தைப் பார்த்தபடி வீரசாமி பக்கத்தில் வந்து நின்றான்.

"ஜூலை மாசம் பத்து நாள் லீவு வேணும்னும் எழுதும்மா," என்றான்.

பேனா நின்றது. இங்குள்ள பிள்ளைகள்போல இந்தி பேசி வளர்ந்தவளுக்குத் தமிழ் அரைகுறை; இது மட்டும் முழுசாகப் புரிந்தது. ஜூலையில் எங்கே போவாய் என்று கேட்டாள். இங்கேதான், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். அவள் வாசற்கதவைப் பார்த்தாள். இங்கே வந்து, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டால்?

"லிக் தியா, பப்பா," என்றாள். எழுதிவிட்டேன் என்று.

காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். வீரசாமிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் சர்க்கரை ஆலை காலண்டர் இருபத்திரண்டு வருஷமாக அவன் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. பன்னிரண்டு மாதத்தின் பேரும் அவனுக்குப் பார்த்தால் தெரியும். மேலிருந்து கீழே விரலை ஓட்டித் தேடினான். ஜனவரி இருந்தது. ஜூலை இல்லை.

ஷைனல் அவன் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினாள். வீரசாமி அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.