பிள்ளைக்கப்பன் வருது

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வித்துராவுக்கு மேலே ஒரு மலைக்குடிக்கு, பாஷையைக் காப்பாற்றப் போகிறவர்களை ஜீப்பில் ஏற்றிச் செல்பவன் நான். ஆரியசாலை வேல்சாமி. அஞ்சாம் கிளாஸ். பாஷை என்ன கிணற்றில் விழுந்த ஆடா, கயிறு போட்டுத் தூக்க?

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைமேல் மேகங்கள் தவழ, ஒரு முதிய தாய்—'

சே. எதுவும் தவழவில்லை. தங்கபாய் முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாஷையைப் பதிவுசெய்ய என் ஜீப்பில் வந்த ஹரிகுமார் சார் மைக்கை நீட்டி, மழைக்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். அதுதான் மழை என்று எழுதிக்கொண்டார். அவள் சொன்னதற்கு அர்த்தம், 'பிள்ளைக்கு அப்பன்'.

(செத்துப்போன அவள் புருஷன் அடைமழையில் பிறந்தவன். மழைக்கு அவர்கள் சொல்லும் சொல்லே அவன் பெயர். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். சார் படித்த படிப்பில் இது இல்லை போலிருக்கிறது.)

3.
மாதிரிப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது பிழையைக் கண்டுபிடித்தவள் தங்கபாயின் மருமகள் ஷாலு. சொந்தப் பாஷையைப் பதிவுசெய்ய அவளுக்குத் திருவனந்தபுரத்தில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான புத்தகம் அவள் பெயரில் நாளை அச்சுக்குப் போகிறது.

"அப்போ மழைக்குச் சரியான வாக்கைச் சொல்லு மோளே," என்றார் சார்.

"மாமாவோட பேரு சார். நான் எப்படிச் சொல்லுவேன்?"

"எழுதினா மதி, அது போதும்."

"கை மட்டும் வேற வீட்டுக் கையா?"

மற்ற வீடுகளில் கேட்டால் 'மழ' என்று மலையாளத்தில் சொல்கிறார்கள். சார் என் பக்கம் திரும்பினார். செத்துப்போன அந்த மனுஷனோடு வருஷக்கணக்காக லோடு ஏற்றியவன் நான். சொல் எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, ஒற்றை வாக்கு. பறஞ்சு தாங்க."

உள்ளிருந்து தங்கபாய் குரல்: "வேல்சாமியே, அதச் சொல்லிட்டு, சாயா குடிக்கன்னு இந்த முற்றத்துக்கு வரப்பிடாது. கேட்டீரா?"

4.
முடிவு ஒன்று: நான் சொல்லிவிடுகிறேன், புத்தகம் சரியாகிறது.

முடிவு இரண்டு: தங்கபாய் மனமிரங்கிக் கண்ணீரோடு—

அவளா? இரங்குகிற ஆளா அவள்!

நடந்தது இதுதான். மழை இறங்கியது. மாதிரிப் புத்தகத்தை ஷாலுவிடம் படித்திருந்த பிள்ளைகள், "பிள்ளைக்கப்பன் வருது! பிள்ளைக்கப்பன் வருது!" என்று அவர்கள் பாஷையில் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த வாய்களில் மலையாளம் தவிர வேறொன்றை அன்றுதான் கேட்டேன்.

தங்கபாய் மிளகை அள்ளவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

சார் பேனாவைத் திறந்து வைத்தபடி என்னைப் பார்க்கிறார்.

மழை: ____________

இந்தக் கதையில் இங்கே நான் எழுதினால், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஷாலு மாமியாருக்கு வாசித்துக் காட்டுவாள். எழுதாவிட்டால் பிழை அச்சாகும். இதுவரை கதையைப் படித்தவர் நீங்கள்தானே, பேனாவைப் பிடியுங்கள். ஜீப் நனைகிறது, நான் படுதாவை இழுத்துக் கட்ட வேண்டும்.