பேச முடிகிற வேகம்

தண்ணீர்த் தொட்டி மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது மட்டும்தான் நானும் என் ஓரகத்தியும் பேசிக்கொண்டோம். வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். ஒரே அடுப்படி, ஒரே குளியலறை, துணி துவைக்க ஒரே மெஷின். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே அந்த மெஷினில் வினை வந்தது. அவளுடைய புதுச் சிவப்புத் துண்டு ஒன்று என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளோடு சேர்ந்து உள்ளே போய், அத்தனை சட்டையும் ரோஸ் கலரில் வெளியே வந்தன. அவர் ஓட்டல் வரவேற்பில் நிற்கிறவர். அந்த ஓட்டலில் வெள்ளைதான் சீருடை.

"உள்ள என்ன கிடக்குதுன்னு பாத்துட்டுப் போட மாட்டியா?" என்றேன்.

"வெள்ளைத் துணிய உள்ள போட்டுட்டு மறந்து போனது யாருங்கக்கா?" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள், இறக்கி வைக்கவே இல்லை. நடுவில் மாமியார் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லுங்க" என்று சின்னவள் சொல்ல, பக்கத்திலேயே நிற்கிற என்னிடம் திரும்பி, "கேஸ் தீரப்போகுதாம்" என்பார். "காதுல விழுந்துச்சுன்னு சொல்லுங்க" என்பேன் நான். ஒரு வீட்டுக்குள்ளேயே தபால் சுமந்த மனுஷி அவர்.

முட்டிவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே பயிற்சி தருகிற பிசியோ அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. பொம்பளைகளுக்கென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு வகுப்பு நடத்தினார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் எங்களுக்கு அவர் விசிலம்மா. முதல் நாள் போய் நின்றால், எனக்கு முன்னால் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள் சின்னவள். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையமும் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம்தான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் போகவில்லையே, நான் ஏன் போக வேண்டும்?

விழுந்து எழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, மைதானத்தில் நேராக ஓட்டக் கற்றோம். பிறகு விசிலம்மா எங்களை மேட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று வளைவுகள், உச்சியில் தொட்டி.

"மேல பாக்காதீங்க, முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பாருங்க. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கியரை லேசாக்குங்க, வந்தப்புறம் மாத்தினா செயின் கழண்டுடும். முக்கியமா, ரெண்டு ரெண்டு பேராப் பேசிக்கிட்டே ஏறணும். முழுசா ஒரு வாக்கியம் பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குறைச்சுக்கணும்."

வகுப்பிலேயே மெதுவான இருவரை ஜோடி சேர்த்தார். அது நாங்கள்தான். ஒரே வீடு என்று அவருக்குத் தெரியாது, நாங்களும் மூச்சு விடவில்லை.

முதல் வளைவு வரை இருவரும் கல்லுப்பிள்ளையார்கள். பின்னாலிருந்து விசில் பறந்தது. "சத்தமே வரலையே!"

"சோப்பு இல்ல," என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"முழு வாக்கியம்!" என்று கத்தினார் விசிலம்மா.

"நாளைக்கு வர்றப்ப துணிசோப்பும் பாத்திரசோப்பும் வாங்கிட்டு வந்துடுங்கக்கா," என்று இரைந்தாள். எனக்குச் சிரிப்பு வந்து ஹேண்டில் ஆடி, காலை ஊன்றிவிட்டேன்.

இப்படித்தான் எங்கள் குடும்ப நிர்வாகம் மேட்டுக்கு இடம் மாறியது. கரண்ட் பில், மாமியாரின் மாத்திரை, யார் எந்த நாள் சமைப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அப்புறம் வேறு பேச்சும் வந்தது. ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற பெரிய மீசைக்காரர்களைப் பற்றி அவள் சொல்வாள். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு வந்து, சொந்தக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடுகிறவர்களைப் பற்றி நான் சொல்வேன். கால்களும் மெல்ல மெல்லப் பழகின. இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போன நாங்கள், பிறகு மூன்றாவது வரை மிதித்தோம். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்கத் தெரிந்துகொண்டோம். முதல் தடவை பயப்படாமல் இறங்கிய அன்று அவள் கத்திய கத்தலில் தொட்டிமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

ஆனால் வீட்டு வாசல் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். மேட்டுப் பேச்சு கணக்கில் சேராது என்று இருவருமே வைத்துக்கொண்டோம். வீட்டில் முதலில் பேசுகிறவள் தோற்றவள். இறங்கி வர அவளுக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், சின்னவள் திடீரென்று வேகம் பிடித்தாள். முதல் வளைவிலேயே என்னை விட்டுவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்துப் போனாள். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும். "இன்னொருத்தங்களையும் கூட்டிட்டுப் போங்கம்மா!" என்று விசிலம்மா ஊதி ஊதிப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. மகாராணிக்குக் கால் தேறிவிட்டது, இனி நானெல்லாம் எதற்கு என்று பொருமிக்கொண்டே தனியாக ஏறினேன்.

ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார், "தம்பி போனப்புறம் மாடி ரூமை வாடகைக்கு விடலாமா?"

"எங்க போறார்?"

பெட்டியைக் கையில் பிடித்தபடி முழித்தார். "அவனுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு பேரும் கிளம்புறாங்க. உன்கிட்ட மட்டும் யாரும் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கிறேன்னு சின்னவ ஒத்தக்கால்ல நின்னா. இன்னுமா சொல்லல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் வேகமாக ஏறவில்லை, என்னிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். பேச முடியாத வேகத்தில் போனால் சொல்ல வேண்டியிருக்காதே. அவள் வாயால் கேட்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் அவள் எழுந்து மிதித்ததும் நானும் எழுந்தேன். முதல் வளைவில் அவள் முதுகு தெரிந்தது. இரண்டாவதில் தொடை எரிந்தது, நெஞ்சு வாய்க்கு வந்தது. அவள் திரும்பிப் பார்த்து இன்னும் மிதித்தாள். நானும் விடவில்லை. மூன்றாவது வளைவைத் தாண்டி அவள் பக்கத்துக்கு வந்துவிட்டேன். வந்து என்ன செய்ய? கேட்க எனக்கு மூச்சில்லை, சொல்ல அவளுக்கு மூச்சில்லை. இருவரும் புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் நான் ஏறியது அன்றைக்குத்தான். அது உறைக்கக்கூட இல்லை.

சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டுத் தொட்டிச் சுவரோரம் விழுந்தோம். போகாதே என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் துரத்தினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"போறதுன்னா போ," என்றேன். "ஆனா பக்கத்துல ஒரு மேடு இருக்கான்னு பாத்துட்டு வீடு எடு."

"அதைத்தான்க்கா மொதல்ல பாத்தேன்," என்றாள். "அந்த ஊரு சமதரைக்கா. சுத்திச் சுத்தித் தேடிட்டேன். ஒரு சின்ன மேடுகூட இல்ல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பின்னால் வந்த பெண்கள், யாரோ விழுந்து அடிபட்டுவிட்டார்கள் என்று பதறி ஓடிவந்தார்கள்.

அன்று மத்தியானம் அடுப்படியில் நான்தான் முதலில் பேசினேன். "கத்திய இப்படிக் குடு, நீ அழுதுக்கிட்டே வெங்காயம் நறுக்கினா விரல்தான் போகும்."

மாமியார் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. அதன் பிறகு நாங்கள் அடுப்படியில் பேசினோம், மாடிப்படியில் பேசினோம், குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசினோம். "இதுக்கு உங்க சண்டையே தேவலை, காது வலிக்குது," என்று மாமியார் அலுத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் லாரி வந்து சாமான்களை ஏற்றிப் போனது. அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், வீட்டில் பேசிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாரம்தான்.