பொழுது சாய்வதற்குள் ஒரு பிள்ளை

கல்வராயன் மலையில் வெள்ளச்சிக்குக் காலையில் பிறந்த ஆண் குழந்தை, பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு வயது ஆளானான். உச்சி வேளையில் பல் முளைத்தது, அதற்குப் பிறகு மீசை வந்தது. இடையில் ஐயப்பன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தகப்பன் கரியன் தன் வேட்டிகளில் ஒன்றைக் கொடுத்தான். அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த மகன் கேட்ட முதல் கேள்வி, "இன்னா வேலப்பா இருக்குது?" கரியன் தன் சாமைக் கொல்லையைப் பார்த்தான். அது அவனுக்கே போதாது.

அந்த மாதம் மலையில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படியே வளர்ந்தன. சேதி கேட்டு மக்கள்தொகை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். பால் செலவு இல்லை, தடுப்பூசி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பிறந்த அன்றே உழைக்கத் தயார். இனி வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியாது என்று கள்ளக்குறிச்சியில் கூட்டம் போட்டுப் பேசி, சால்வை வாங்கிக்கொண்டார். அங்கன்வாடியைப் பூட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் மரவள்ளிக் கிழங்கைக் கொட்டி வைத்தார்கள். வேலையை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. அது அதிகாரியின் துறை இல்லையாம்.

வளர்ச்சி வராவிட்டாலும் வேன் வந்தது. திருப்பூர் மில்லுக்கு ஆள் பிடிக்கும் பொன்னுரங்கம் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தான். ஐயப்பன் ஏறி உட்கார்ந்தான். பால் கட்டி ரவிக்கை நனைந்து நின்ற வெள்ளச்சி வேனை மறித்தாள்.

"அவன் பொறந்து ஒரு மாசம்கூட ஆவலங்க. இன்னும் மடியிலகூட சரியா போட்டுக்கல."

"ஆளப் பாத்தா அப்டி தெரியலியேம்மா. மீச வச்சினுகிறான்" என்றான் பொன்னுரங்கம்.

ஐயப்பனுக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளும் வயது அவனுக்கு வாய்க்கவே இல்லை. தாயின் கையை மெல்ல விலக்கினான். வேன் மலையிறங்கியது.

சில ஆண்டுகளில், பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு இருமிக்கொண்டே பிள்ளைகள் திரும்பினார்கள். இவர்கள் வளர்ச்சிக்குச் சுமை என்று அதே அதிகாரி எழுதினார். அதற்கும் ஒரு சால்வை கிடைத்தது.

மலைப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். அடுத்து மகள் தமிழ்ப்ரியா பிறந்தபோது வெள்ளச்சி ஒரு நொடியும் வீணாக்கவில்லை. விடியலில் பால் கொடுத்தாள், உச்சி வெயிலில் தலை சீவிவிட்டாள், பிறகு எதற்கோ திட்டி, அடிக்கக் கை ஓங்கி, அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"போதும் வுடும்மா, வேன்காரரு நின்னுக்கினு கீறாரு" என்று மகள் சலித்துக்கொண்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டது என்று வெள்ளச்சிக்குத் தெரிந்தது.