சன்னலின் வெளிப்பக்கம்

அக்கா வீடு வரைகிறவள். கணினியில் ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பி, கூரை போட்டு, வாசல் வைத்துக் கொடுத்தே காலம் தள்ளுகிறவள். தன் வீட்டோடு ஓர் அறை சேர்க்க வேண்டும் என்று வந்தபோதுதான் அவளுக்குக் கை ஓடவில்லை. அறை தங்கைக்கு. கட்டியவனோடு ஒத்துவராமல் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியவள், கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டே ஒரு மகளிர் விடுதியில் இடம் கேட்டிருந்தாள். இடம் இருக்கிறது என்று பதிலும் வந்துவிட்டது. மறுநாள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அவள் போய்விடக் கூடாது. அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் ‘போகாதே’ என்ற ஒரு சொல் மட்டும் அவள் தொண்டையைத் தாண்டாது. அப்படியொரு வீம்பு, அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. வாயால் வராததை வரைந்து காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

வெளியே மத்தியான மழை. திரையில் வீட்டின் பின்சுவரை ஒட்டி மூன்று சுவர்களை இழுத்தாள். அறை வந்துவிட்டது. கட்டில் போட்டாள், தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு வைத்தாள். அப்புறம் தனக்குப் பிடித்த வேலைக்கு வந்தாள். சன்னல், கதவுகளைச் சுற்றி வெளிச்சுவரில் புடைத்து நிற்கும் பட்டை, ட்ரிம் என்பார்கள். கண்ணுக்கு மை மாதிரி. அது இல்லாவிட்டால் சன்னல் வெறும் ஓட்டைதான். அடிப்பட்டையைக் கொஞ்சம் நீட்டினாள், மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டட்டும் என்று. வெள்ளை ரொம்பப் பளிச்சென்றது. வெளிர் பச்சைக்கு மாற்றினாள். ‘வெளிச்சன்னல் எல்லாவற்றுக்கும்’ என்று ஒரே சொடுக்கு.

திரையில் வெயிலை நகர்த்தும் குமிழை மெல்ல இழுத்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்துக்குள் ஒரு காலை விடிந்தது. பட்டைகளின் நிழல் சுவரில் நீண்டு, குறுகி, மறுபடி நீண்டது. படத்துத் தோட்டத்தில், இலையே உதிர்க்காத மரத்தடியில் அவளே நிற்பது போலிருந்தது, கால் தரையில் படாமல்.

“பொடிசு, இங்க வா.”

முப்பத்தாறு வயதுப் பொடிசு போர்வையோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மௌஸை வாங்கி, கதவைத் திறக்காமலே அதன் வழியாக மிதந்து உள்ளே போனாள்.

“நல்லாருக்கு. தூக்கத்துல நடக்கற மாதிரி இருக்கு.” அறையைச் சுற்றி வந்தவள் ஒரு சுவர் முன்னால் நின்றாள். “என்னக்கா இது, என் ரூமுக்குள்ள வெளிப்பட்டை?”

அக்கா பார்த்தாள். பழைய பின்சுவரும் அதிலிருந்த சன்னலும் இப்போது இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்தன. ஆனால் அது இனி உட்சுவர் என்று மாற்ற மறந்திருந்தாள். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. சொன்ன பேச்சைக் கேட்கும் மென்பொருள் அந்தச் சன்னலுக்கும் பட்டை கட்டி, மழைத்தண்ணீர் சொட்ட வழியும் செய்திருந்தது, கட்டிலுக்கு நேர் மேலே.

“படுத்துக்கிட்டே உங்க வீட்டை வெளியிலருந்து பாக்கலாம் போல,” என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டுதான். “அது சரி, உங்க பக்கம் வர்றதுக்குக் கதவு எங்க?”

கதவு இல்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“உனக்கு யார் தொந்தரவும் இருக்கக் கூடாதுன்னு... உன் இஷ்டத்துக்கு வர, போக...”

“அது ஹாஸ்டல்லயும் இருக்கே,” என்று மௌஸைத் திருப்பி வைத்தாள் தங்கை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இடம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு கூடப் பிறந்தவளைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தியிருக்கிறாள். யார் மேல் கோபப்படுவது? தன் மேலேயே பட்டுக்கொண்டாள்.

நடுச்சுவர்ச் சன்னலை அழித்தாள். அதே இடத்தில் ஒரு கதவை வைத்தாள். சின்னப் பெட்டி ஒன்று திறந்து கேட்டது: இந்தப் பக்கம் உள்ளா, வெளியா? அந்தப் பக்கம் உள்ளா, வெளியா? இரண்டுக்கும் ‘உள்’ என்று கொடுத்தாள். கதவைச் சுற்றியும் வந்திருந்த பச்சைப் பட்டை சுவரோடு கரைந்து போயிற்று.

“போகாத, பொடிசு,” என்றாள். குரல் உடைந்து, அசிங்கமாகத்தான் வந்தது.

தங்கை மௌஸை மறுபடி எடுத்து, திரையில் அந்தப் புதுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். மழை கொஞ்சம் ஓய்ந்தது.

“தாழ்ப்பா எந்தப் பக்கம்?”

“உன் பக்கம்.”

தங்கை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அப்ப கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடு. கதவு இடிக்கும்.”