நேற்றுச் சரக்கு

பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே பேக்கப்தான். எதையும் ஒரே இடத்தில் வைத்துத் தொலைக்காதீர்கள் என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறேன். என் வீட்டில் நடந்த கூத்து தெரிந்தால் ஒரு பிள்ளையும் என்னை மதிக்காது.

என் அப்பாவை, எங்கள் வீட்டு வழக்கத்தில் அத்தாவை, கம்பத்தில் தெரியாதவர்கள் குறைவு. கமால் ராவுத்தர் என்றால் வாழை மண்டியில் ஏலம் கூறுபவர். அவர் வாய் திறந்தால் ஜீப் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டிய வாக்கியங்களை அத்தாவின் குரலிலேயே கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு பட்டனை அழுத்தும்போது அவர் குரலே பேசும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேரும் கொடுத்தார்.

வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றினேன். மைக் வாங்கி மாட்டினேன். தண்ணி வேணும், வலிக்குது, ஃபேனைப் போடு என்று உபயோகமாக ஏதாவது பேசச் சொன்னேன். அத்தா உட்கார்ந்த உடனே பூவன் தாரை ஏலம் விட ஆரம்பித்தார். அடுத்து கேரளத்து வியாபாரிகளுக்காக மலையாளத்தில் நலம் விசாரித்தார். பிறகு சித்தப்பாவைத் திட்டுவதற்கென்றே தனியாக ஒரு வரிசை.

"அத்தா, பேச்சு போனப்புறம் யாருக்கு ஏலம் கூறப் போறீக?"

"பேச்சுதான போகுது? மண்டி எங்கன போகுது?"

சி டிரைவ் ரொம்பிவிட்டது. இடம் இல்லை, இடம் இல்லை என்று அந்தச் சாஃப்ட்வேர் நிமிஷத்துக்கு ஒருதரம் மல்லுக்கு நின்றது. நானும் அதோடு சேர்ந்து அத்தாவிடம் கத்தினேன். கடைசியில் பதிவுகள் சேரும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றி, பழையதையெல்லாம் அங்கே நகர்த்தினேன். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான், அது செத்தால் எல்லாம் போச்சு. அதனால் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிச் செருகி, தினமும் சாயங்காலம் தானாகவே பேக்கப் ஆகும்படி வைத்தேன். முதல் நாள் மொத்தமும் போகும், அதன் பிறகு அன்றன்று புதிதாகப் பேசியது மட்டும் போகும். நாளுக்கு ஒரு ஃபோல்டர், அதன் மேல் தேதி.

அத்தா எட்டிப் பார்த்தார். "இந்தக் கறுப்புப் பொட்டியில என்னா நசீமு?"

"உங்க பேச்சுதான். தேதி போட்டு அதுவே அடுக்கி வைக்கும்."

"தேதி போட்டா?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார். நானும் புரிந்துகொண்டார் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் அத்தா சிலேட்டில் எழுதியே சமாளித்தார். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் எழவில்லை. நாங்கள் இல்லாத நாளில் இடியும் மழையுமாகக் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் உட்பட எல்லாம் கருகிவிட்டது.

அம்மா பதறினாள். "பேக்கப் இருக்கும்மா, சும்மா இரு" என்றேன். என்ன திமிர் எனக்கு.

பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து என் லேப்டாப்பில் செருகினேன். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர், கிளம்பியதற்கு முந்தின நாள் தேதியில். அதற்குள் ஒரே ஒரு பதிவு. அழுத்தினேன். அத்தாவின் குரல் வீட்டை நிறைத்தது.

"நசீமு, அத்தா பேசுறேன். எடம் இல்ல எடம் இல்லன்னு கெடந்து கத்துவியே, நேத்துச் சரக்கெல்லாம் நானே தள்ளி விட்டுட்டேன். இப்ப மண்டி கணக்கா சுத்தமாக் கெடக்கு. இனிமே சத்தம் போடாத தாயி."

வாழை மண்டியில் நேற்றுச் சரக்கு கிடக்கக் கூடாது. பழுத்த தார் ஒன்று கிடந்தாலும் பக்கத்துத் தாரையும் பழுக்க வைத்துவிடும். புதுசு இறங்கும் முன் பழசைத் தள்ளி, தரையைக் கூட்டி, குப்பையையும் வெளியே கொட்டிவிட வேண்டும். வாழ்நாளெல்லாம் அப்படியே செய்த மனிதர், காலையில் எழுந்ததும் நேற்றைய தேதி போட்ட ஃபோல்டரைத் தேடித் தேடி அழித்திருக்கிறார். ரீசைக்கிள் பின் என்ற குப்பைக்கூடையையும் விடவில்லை. முதலில் போனது முதல் நாள் ஃபோல்டர். மொத்தப் பேச்சும் அதில்தான் இருந்தது.

"நீயாவது பாக்கக் கூடாதாம்மா?" என்று அம்மாமேல் பாய்ந்தேன்.

"அவுக காலையில தொழுதுட்டு வந்து கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து தட்டிக்கிட்டு இருந்தாக. ஒனக்கு ஒத்தாசையா என்னமோ செய்றாகன்னு இருந்துட்டேன்."

அப்புறம் அத்தாவிடம் திரும்பிக் கத்தினேன். நல்லா வேணும் எனக்கு, உங்களுக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேனே என்றேன். கழுத்தில் கட்டோடு அவர் சிலேட்டை எடுத்து மெதுவாக எழுதிக் காட்டினார். 'எடம் இல்லன்னு நீதான சொன்ன.'

தேனியில் டேட்டா மீட்டுத் தருகிறவரிடம் இரண்டு டிஸ்க்கையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. அத்தாவிடம் இருந்தது பட்டன் போன், வாய்ஸ் மெசேஜ் என்று எதுவும் அனுப்பியதில்லை. என் கல்யாண வீடியோவில் அவர் பேசும் இடமெல்லாம் பாட்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறான் அந்தப் பாழாய்ப்போன வீடியோக்காரன். மெஷின் குரல் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. அத்தா கேட்டுப் பார்த்துவிட்டு, செய்தி வாசிக்கிறவன் குரல் எனக்கு எதற்கு என்று எழுதினார்.

ஆக, மிஞ்சியது அந்த ஒரு பதிவு. லேப்டாப்பை அவர் கட்டிலோரம் வைத்து, அதற்கு ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். தண்ணீருக்கும் வலிக்கும் சிலேட்டுதான். நான் கோபப்படும்போது மட்டும் அந்தப் பட்டன். மாத்திரையை ஏன் போடவில்லை என்று ஆரம்பித்தால் போதும், கட்டில் முனகும், நேத்துச் சரக்கெல்லாம் தள்ளி விட்டுட்டேன் என்று வந்துவிடும். மண்டி ஆட்கள் பார்க்க வந்த அன்று அவர்கள் முன்னாலேயே அழுத்தினார். அவர்கள் சிரித்தார்கள், அத்தாவும் சத்தமில்லாமல் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பதிவை என் போனில், தங்கச்சி போனில், காலேஜ் கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் நான் அதைக் கேட்பதில்லை.

இன்றைக்குக் காலையில் ஒரு காரணமும் இல்லை. மாத்திரை போட்டிருந்தார், கஞ்சி குடித்திருந்தார், துண்டைக்கூட மடித்து வைத்திருந்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, இந்த வீட்டில் ஒரு பொருளாவது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பெரிய குரலில் ஆரம்பித்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிவிட்டு, பக்கத்து அறையில் கட்டில் முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.