மேல் கோடு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு மீனோடு வந்தது. வெள்ளிக்கிழமை, இறைச்சி விலக்கிய நாள். மீன்காரி பெத்ரோனெல்லா சாளையை அச்சுக்கூடக் கழிவுத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டில் பிரித்தால் ஆறு ஆறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிப்பதற்கான இசைத்தாள். (கோடு நரம்பைக் காட்டும், எண், விரல் வைக்கும் இடத்தை.)

பூசை வைக்காத நேரத்தில், பாதிரியான நானும் லூட் வாசிப்பேன். வாசித்தேன். பூனை வெளியேறியது.

எங்கள் வெனிஸில் மேல் கோடு என்றால் தடித்த நரம்பு. மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் அதுதானே மேலே இருக்கும்? சும்மா ஒருமுறை, மேல் கோட்டை மெல்லிய நரம்பாக எண்ணி வாசித்தேன். பூனை திரும்பி வந்தது. அவ்வளவு அழகு!

ஆக, அச்சுக்கூடத்தில் யாரோ எண்களைத் தலைகீழாகக் கோர்த்திருக்கிறார்கள். யார்? தெரியாது. ஆகவே கதை.

2

"மார்க்கியோ பிறந்தபோது வானத்தில் ஒரு..."

வேண்டாம். இசையமைப்பாளர் பிறக்கும்போதெல்லாம் வானத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது.

மறுபடியும்: மார்க்கியோவுக்கு அறுபது வயது. நாற்பது ஆண்டுகள் கல்யாண வீடுகளில் அடுத்தவர் ஆட வாசித்தவர். தான் இயற்றியதை அச்சில் பார்ப்பதே மிச்சமிருந்த ஆசை. விரல்கள் மடங்க மறுக்கத் தொடங்கிவிட்டன. தாளில் ஏறாவிட்டால் அந்த இசை அவரோடு போய்விடும்.

எழுத்துக் கோர்ப்பவள் ஓர்சோலா. இறந்த கணவனின் இடத்தில் வேலை செய்கிறாள். இதுவரை பாடகர்களுக்கான இசைப் புத்தகங்கள் மட்டுமே கோர்த்தவள். (பாடகர்களின் இசைத்தாளில் உயர்ந்த சுரம் மேலே இருக்கும்; லூட்டில் உயர்ந்த சுரம் தருவது மெல்லிய நரம்பு. இதை மறக்காதீர்கள்.)

3

"வாசிங்க மேஸ்த்ரோ," என்றார் அச்சுக்கூட முதலாளி அல்விசே, தாளை மார்க்கியோவிடம் நீட்டி. "முதல் பக்கம் முந்நூறு தாள் அடிச்சாச்சு. தப்பு இருந்தா இந்தம்மா இன்னிக்கே வீட்டுக்குப் போகட்டும். போன மாசம் ஒரு ஆமென்னையே முழுங்கிட்டா."

"அது எலி தின்னது, முதலாளி!" என்றாள் ஓர்சோலா.

"எலிக்கு உன்னைவிட நல்லா வாசிக்கத் தெரியும்."

மார்க்கியோ நாலு சுரத்தில் நின்றார்.

"என்னாச்சு?"

"நரம்பு சுருதி இறங்கியிருக்கு," என்று முறுக்காணியைத் திருகினார். (பொய்யில்லை. எங்கள் ஈரக்காற்றில் நரம்பு எப்போதும் இறங்கித்தான் இருக்கும்.)

ஓர்சோலா அவர் காதருகே குனிந்தாள். "நீங்க தலைகீழா எழுதியிருந்தீங்க, மேஸ்த்ரோ. வெளியே தெரிஞ்சா உங்க மானம் போயிடுமேன்னு இந்தப் பக்கத்தை நானே மேல்கீழா மாத்தித் திருத்திட்டேன். சரிதானே?"

4

"சரியா இருக்கு" என்று அவரைச் சொல்ல வைக்கலாம். பிறகு அந்தப் பொய்க்காகப் பாவசங்கீர்த்தனத்துக்கு நானல்லவா போக வேண்டும்?

உண்மையைச் சொல்கிறார். ஓர்சோலா வேலை மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வாசலை நோக்கி...

இதையும் எழுத மாட்டேன். மூன்றாவது வழியைக் கர்த்தர் காட்டினார், அல்லது பூனை.

"பக்கம் தப்புதான், முதலாளி," என்றார் மார்க்கியோ. "ஆனா எந்தக் கோடு எந்த நரம்புன்னு நான் எங்கயும் எழுதித் தரலை. அது என் தப்பு. தாளோட தலைப்புல இடம் இருக்கே, அதுல ஒரு வரி கூட அடிச்சிடுங்க: இந்தப் பக்கத்தில் மட்டும் மேல் கோடு மெல்லிய நரம்பு. ஒரு தாளும் வீணாகாது."

"ஒரு பக்கம் மட்டும் வேற மாதிரியா? ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்குமே!"

"கல்யாண வீட்டுல வாசிச்சவனுக்குச் சிரிப்பு புதுசா?"

அல்விசே ஓர்சோலாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

5

சம்மதித்தாரா? அந்த வரி இருக்கிறதா என்று என் தாளிலேயே தேடினேன். தலைப்பகுதி கிழிந்திருந்தது. சந்தைக்கு ஓடினேன்.

"அந்தத் துண்டா? அதுல ஒருத்தருக்கு நெத்திலி கட்டிக் கொடுத்துட்டேனே, சாமி," என்றாள் பெத்ரோனெல்லா. "ஏன், மீனு நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்தது."

"அப்புறம் என்ன?"

கழிவில் கிடந்த தாள்தானே, அல்விசே மறுத்திருப்பார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மை சிந்தினால் நல்ல தாளும் கழிவுதான்.

கிழிந்த ஓரமும் முடிவும் இப்போது உங்கள் கையில். அல்விசே இன்னும் தாளையே பார்க்கிறார். ஓர்சோலா விரல் மையைத் துடைக்காமல் நிற்கிறாள். ஒரு விரல் அகல இடம் போதும், அந்த வரிக்கு.